பூட்டிய கோயிலுக்குள் அனுமதி அட்டை

1

திருகோணமலையில் அப்போது பகல் பன்னிரண்டு இருபத்தைந்து. இங்கே, நோர்வேயின் பேர்கன் நகரத்தில், காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் ஒரு கிழவருக்கு ஓட்ஸ் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் கைத்தொலைபேசி அலுமாரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று அது என் மேலங்கிப் பைக்குள் இருந்தது. என் மகள் நிரோஜாவுக்கு உயர்தரப் பரீட்சையின் முதல் நாள். ஒரு மணிக்கு உயிரியல் வினாப்பத்திரம். அவள் மண்டபத்துக்குள் போனதும் பரமேஸ் மச்சாள் ஒரு செய்தி அனுப்புவதாக ஏற்பாடு.

செய்தி வரவில்லை. அழைப்பு வந்தது.

பரமேஸ் மச்சாள் என் கணவரின் அக்கா. நிரோஜா நான்கு வருடமாக அவரோடுதான் இருக்கிறாள். நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து மச்சாள் அழுது கேட்டதில்லை. மற்றவர்களை அழவைத்துத்தான் கேட்டிருக்கிறேன். அன்று அழுதார்.

"வசந்தி, கவர் கோயிலுக்கை கிடக்கு."

"என்ன கவர்?"

"அட்மிசன் கவர். அடையாள அட்டையும் பேனையும் அதுக்கைதான். அம்மன்ர காலடியில வச்சுத் தரச்சொல்லி ஐயரிட்டக் குடுத்தனான். தட்டத்தைத் திருப்பித் தந்தவர், கவரைத் தரேல்ல. நானும் பாக்கேல்ல."

"பாக்கேல்லையோ?"

"ஓட்டோ வெளியில நிண்டது. அவசரத்தில வந்திட்டன். வீட்ட வந்து பாத்தா, தேங்காய்ப் பாதியும் வாழைப்பழமும்தான் கிடக்கு."

"அப்ப திரும்பிப் போங்கோவன்!"

"போய்க்கொண்டுதான் கதைக்கிறன். உச்சிக்காலப் பூசை முடிஞ்சாக் கோயில் பூட்டிப்போடுவினம். ஐயரின்ர போன் வேலை செய்யேல்ல."

"எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"நாலரைக்கு."

கஞ்சிக் கரண்டி கோப்பைக்கும் கிழவரின் வாய்க்கும் நடுவில் நின்றது. அவர் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனையைக் கோயிலில் வைத்து எடுப்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது. அதில் நான் பிழை சொல்ல மாட்டேன். என் பேனையையும் என் தாயார் வைத்து எடுத்தவர்தான். ஆனால் பேனை தொலைந்தால் வேறு பேனை வாங்கலாம். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பரீட்சை நாளில், பரீட்சைக்கு ஒரு மணித்தியாலம் இருக்க, நகரத்துக்கு வெளியே சல்லிக் கிராமத்துப் பக்கம் உள்ள ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மச்சாளுக்குத் தோன்றியது. முதல் தரம் பேனை மட்டும் வைத்தாராம், சரிவரவில்லை. இரண்டாம் தரமும் பேனை மட்டும், சரிவரவில்லை. ஆகவே மூன்றாம் தரம் எல்லாவற்றையும் வைத்தாராம். இது அவரே பிறகு எனக்குச் சொன்ன நியாயம்.

மூன்றாம் தரம் என்றால் என்னவென்று ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியில் பிறந்த பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பரீட்சையை எத்தனை தரமும் எழுதலாம். மருத்துவ பீடத்துக்கு எடுப்பது முதல் மூன்று தரத்துக்குள் எழுதியதை வைத்து மட்டும்தான். அதற்குப் பிறகு அந்தக் கதவு இல்லை.

2

பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நீ ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்பவர்களை விட, கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

என் கணவர் முதலில் வந்தார். பல வருடம் கழித்துத்தான் எங்களைக் கூப்பிட அனுமதி கிடைத்தது. அது கிடைத்த நேரம் நிரோஜா உயர்தர வகுப்பின் நடுவில். மருத்துவம் என்பது அவள் எட்டு வயதில் சொன்னது, நாங்கள் ஊட்டியதில்லை. நானும் மகன் அபிசனும் முதலில் வருவது, அவள் பரீட்சையை எழுதிவிட்டுப் பின்னால் வருவது என்று தீர்மானித்தோம். அந்த இடைவெளியில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் என்னைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, சிரித்த முகத்தோடு சொன்னாள்: "உங்கள் மகள் இப்போது வளர்ந்தவர். அவருக்குத் தாய் தேவை என்று சட்டம் கருதாது."

முட்டை பொரிக்கத் தெரியாத பிள்ளை. சட்டம் கருதாதாம்.

நான் அந்தப் பெண்ணுக்கு, என் மகள் வைத்தியராகப் படிக்கப் போகிறாள் என்று விளங்கப்படுத்தினேன். இவர்களின் பாசையில் வைத்தியருக்கு உள்ள சொல்லும் விளையாடுவதற்கு உள்ள சொல்லும் ஓர் எழுத்தில்தான் வேறுபடும். எங்கள் தமிழ் நாக்குக்கு அந்த இரண்டு எழுத்தும் ஒன்று. அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "விளையாடுவதும் முக்கியம்தான்" என்றாள். அருகில் இருந்த அபிசன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வரும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருக்காமல் பின்னால் போய் இருந்தான்.

இப்போது அவனுக்குப் பதினைந்து. தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வான். ஒரு நாள் அக்காவைப் பற்றிக் கதை வந்தது. "அம்மா, ஒரே சோதனையை ஏன் திரும்பத் திரும்ப எழுதுறா? அவவுக்கு வேற ஒண்டும் விருப்பமில்லையோ?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை மட்டும் தமிழில் கேட்டான். நான் அவனுக்குச் சாப்பாடு போடாமல் எழும்பிப் போனேன்.

இங்கேயும் துறைமுகம்தான். கப்பல்தான். மலைதான். திருகோணமலையோடு ஒப்பிட்டு ஏதாவது எழுதச் சொல்லி ஒருவர் கேட்டார். இங்கே வருடம் முழுதும் மழை, தண்ணீர் கறுப்பு, மீன் சந்தையில் விற்கிற மீனுக்கு மணமே இல்லை. ஒப்பிட ஒன்றும் இல்லை.

3

முதல் தரம் மூன்று பாடத்திலும் சித்தியடைந்தாள். மருத்துவத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. முதல் தரத்தில் போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாம் தரத்துக்கு அவள் படித்ததை நான் தொலைபேசித் திரையில் பார்த்தேன். காலையில் தகரக் கொட்டகைக்குள் இரசாயனவியல் வகுப்பு, இருநூறு பிள்ளைகள், ஒரு மாஸ்டர், ஒரு ஒலிவாங்கி. பின்னேரம் பௌதிகவியல். இடையில் நிசாமின் ஓட்டோ. நிசாம் கிண்ணியாவைச் சேர்ந்தவர். நான்கு வருடமாக என் மகளை வகுப்புக்கு ஏற்றி இறக்குகிறவர். ஓட்டோவுக்குள்ளும் மடியில் பழைய வினாத்தாள். சீனன்குடாவில் விமானம் இறங்குவதைப் பார்க்க, துறைமுகத்தைப் படம் எடுக்க, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். என் பிள்ளை அந்தக் கடலோரத்தால் ஒரு நாளைக்கு நான்கு தரம் போய் வந்தாள். கடலின் நிறம் கேட்டால் அவளுக்குத் தெரியாது.

நான் இங்கிருந்து பேனை அனுப்பினேன். பிடி மெத்தென்று இருக்கும் நீலப் பேனைகள், மூன்று மணித்தியாலம் எழுதினாலும் விரல் நோகாது. முதல் தரத்துக்கே ஒரு பெட்டி அனுப்பியிருந்தேன். மச்சாள் அந்தப் பெட்டியைக் கோயிலில் வைத்து எடுத்துச் சாமி அறையில் பூட்டி வைத்துவிட்டார். பரீட்சை நாட்களில் மட்டும் அது வெளியே வரும். வீட்டில் படிக்கும்போது பிள்ளை கடைப் பேனையால்தான் எழுதினாள்.

இரண்டாம் தரம் வெட்டுப்புள்ளியில் மயிரிழையால் போனது. சித்த மருத்துவத்துக்குக் கிடைத்தது, அதுவும் ஊரோடேயே. பதிந்தால் அதோடு முடிந்தது, திரும்ப எழுதி மருத்துவத்துக்குப் போக இடமில்லை. நிரோஜா என்னைக் கேட்டாள்: "அம்மா, போகட்டோ?"

நான் வேண்டாம் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். மயிரிழையில் நழுவியதை விட்டுவிட்டு வா என்று எந்தத் தாய் சொல்வாள்?

மச்சாள் தொலைபேசியைப் பிள்ளையிடமிருந்து பறித்தார்.

"வசந்தி, கிடைச்சதைப் பிடிக்க விடு. பிள்ளை நித்திரையிலயும் இதையே பிசத்துது. தலைமயிர் எல்லாம் கொட்டுது. உனக்குத் தெரியுமோ?"

"என்ர பிள்ளைக்கு எது நல்லமெண்டு நான் சொல்லுறன், மச்சாள்."

"பேனை அனுப்பினாப்போல அம்மாவோ?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. மகளோடு கதைக்கும்போது பின்னால் மச்சாள் பாத்திரம் போட்டு உடைப்பது கேட்கும்.

ஊரில் நிரோஜாவைச் சும்மா விடவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் போட்டுக் கேட்டாளாம்: "பிள்ளை, இன்னும் சோதனையோ? எங்கட மூத்தவளுக்கு ரெண்டாவதும் பிறந்திட்டுது." கூட நின்றவர்கள் சிரித்தார்களாம். நிரோஜா மீனை வாங்காமல் வந்துவிட்டாள்.

இங்கேயும் விடவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு அம்மா இருக்கிறா. அவவின் மகன் போலந்தில் மருத்துவம் படிக்கிறான். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அதுதான் வழி. தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து இருந்து சொன்னா: "எங்கட தம்பிக்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இருக்கேல்ல. நேர போய் இருந்திட்டான். உங்கட மகள் பாவம், என்ன? மூளை இல்லாத பிள்ளையுமில்லை."

"இல்லை, அக்கா. நீங்கள் கவலைப்படாதேங்கோ. அவள் தம்பிக்கு ஒருநாள் ஊசி போடுவாள்" என்றேன். அவ கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனா.

4

கிழவரின் வாயைத் துடைத்துவிட்டு நான் நடைபாதைக்கு ஓடினேன். ஓட்டோவில் இருந்த மச்சாளின் தொடர்பு அறுந்துவிட்டது. மகளுக்கு அழைப்பு எடுத்தேன். பரீட்சை நிலையம் வீட்டுக்குக் கிட்ட. அவள் நடந்து போய் நின்றாள். வழக்கமாகத் தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவள், அன்று மாமியின் செய்தி வரும் என்று கையோடு கொண்டு போயிருந்தாள்.

"எங்க நிக்கிறாய்?"

"கேற்றடியில, அம்மா. உள்ள விடேல்ல. அட்மிசனும் அடையாள அட்டையும் இல்லாமல் ஏலாதாம்."

"நீ ஆரெண்டு தெரியாதோ அவையளுக்கு? ரெண்டு தரம் எழுதின பிள்ளையெண்டு சொல்லு!"

"அதைச் சொல்லவோ? இஞ்ச கேற்றில காதில பேனை செருகின ஒரு அண்ணை நிக்கிறார். நான் வாய் திறக்க முதலே கேட்டவர், 'தங்கச்சி மூண்டாந்தரமோ' எண்டு. எப்பிடித் தெரியுமெண்டன். 'முகத்தில கிடக்கு' எண்டார்."

முதல் தரம் எழுதுகிற பிள்ளைகளுக்கு அவர்களின் அதிபர் இருப்பார். ஏதாவது தவறினால் இது எங்கள் பிள்ளைதான் என்று சொல்ல ஓர் ஆள் வாசலில் நிற்பார். திரும்ப எழுதுகிறவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்திகள். வேறு பாடசாலை, வேறு மண்டபம், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அவர்களை அறிந்தது அந்த அட்டை மட்டும்தான்.

"எத்தினை மணி மட்டும் விடுவினமாம்?"

"ஒண்டரை மட்டும். அதுக்குப் பிறகு கேற்றைப் பூட்டிப்போடுவினம்."

மற்றப் பிள்ளைகள் உள்ளே போகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு மணி அடித்தது. பத்திரம் தொடங்கிவிட்டது. என் மகள் வெளியே நின்றாள். நான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றேன்.

அப்போது அவள் சிரித்தாள்.

"என்னடி?"

"இஞ்ச ஒரு மான் வந்து நிக்குதம்மா. நான் மதிலில வச்ச நோட்ஸைத் தின்னுது."

திருகோணமலை நகரத்தில் மான்கள் ஆடுமாடு போலத் திரியும். கடதாசி, மாலை, வாழைப்பழத்தோல் எல்லாம் தின்னும்.

"கலைச்சு விடன்!"

"தின்னட்டும். எனக்கு எல்லாம் பாடம்."

திரும்பவும் சிரித்தாள். நான்கு வருடமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. பழைய சிரிப்பு, மூக்கால் வருகிற சிரிப்பு.

"நிரோ, இது சிரிக்கிற நேரமோ?"

"அம்மா, மாமி வராட்டி என்ன நடக்கும்?"

அவள் அதைப் பயந்து கேட்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறையோ என்று சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள். அது என்னைப் பயமுறுத்தியது. கோயில் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டபோது கூட அப்படி இருக்கவில்லை.

"வருவா. வருவா. நீ கண்டதையும் யோசியாத."

"சும்மா கேட்டனான். வராட்டி, எழுதேல்லையெண்டு ஒருத்தரும் என்னைப் பேச ஏலாதுதானே. நான் பெயிலுமில்லை, பாசுமில்லை. அட்டை கோயிலுக்கை மாட்டிட்டுது, அவ்வளவுதான்."

"வாயை மூடு!"

நான் கத்தியது அந்த மாடி முழுதும் கேட்டிருக்கும். எங்கள் பிரிவின் பொறுப்பாளர் அறைக்குள்ளிருந்து வந்தாள். இவர்கள் கோபத்தையும் மெதுவான குரலில்தான் சொல்வார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

"வசந்தி, யாராவது இறந்துவிட்டார்களா?"

"இல்லை."

"அப்படியானால் தொலைபேசியை வையுங்கள்."

நான் வைக்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய், கதவைச் சாத்தினேன். அதற்கு எனக்குப் பிறகு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வரட்டும்.

5

கோயிலடியில் நடந்ததை நிசாம்தான் எனக்குச் சொன்னார். மச்சாள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

உள்ளே கதவு இல்லாத சின்னக் கோயில், வெளிக் கேற்றில் பூட்டு. ஐயர் நிலாவெளியில் ஒரு வீட்டுக் கிரியைக்குப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். திறப்பும் அவரோடு போய்விட்டது. மச்சாளுக்கு அறுபத்திரண்டு வயது, இரத்த அழுத்தக்காரி. வருடத்தில் பாதி நாள் விரதம். கோயில் வீதியில் செருப்புக் கழற்றாமல் நடந்தவர்களைக்கூட நிறுத்தி வைத்துப் பேசுகிறவர். அவர் அந்தக் கேற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தாராம். பிறகு திரும்பி, ஓட்டோவில் கம்பி கிடக்கிறதோ என்று கேட்டாராம்.

சில்லுக் கழற்றுகிற இரும்புக் கம்பி இருந்தது. நிசாம் அதை எடுத்தார், ஆனால் கேற்றுக்குக் கிட்டப் போகவில்லை.

"அக்கா, இதுல நான் கை வெச்சா வேற கதையாகிரும். கோயில் பூட்ட ஒரு முஸ்லிம் ஒடச்சான்னு நாளைக்கு ஊரே ரெண்டாகிரும். கம்பிய தாரன். நீங்க ஒடைங்க."

"நீ கம்பியும் தரேல்ல. நான் எடுத்தனான். விளங்குதோ? நீ ரோட்டைப் பாத்துக்கொண்டு நில்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் மூன்று தரம் சத்தம் கேட்டதாம். நாலாவது, பூட்டு விழுந்த சத்தம். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தாராம், கேற்றடியிலிருந்தே மூலஸ்தானம் தெரியும்.

மூலஸ்தானத்துக்குள் மச்சாள் காலை வைக்கவில்லை. அங்கே ஐயர் மட்டும்தான் போகலாம். பூட்டை உடைத்தவருக்கு அந்தப் படியைக் கடக்க மனம் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே குந்தியிருந்து, விளக்கேற்றுகிற நீட்டுத் தடியால் அம்மனின் காலடியில் கிடந்த கவரைக் கொளுவி இழுத்தாராம். ஒருதரம் வழுகி, ஒருதரம் கவிண்டு, பூவும் விபூதியும் பூசினபடி கவர் வந்து சேர்ந்ததாம். முழுதும் இழுத்து முடிய, தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழும்பி ஓடிவந்தாராம்.

கோயில் நிர்வாகத்தில் உள்ளவர்கள் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, பிராயச்சித்தப் பூசை செய்ய வேண்டும், அதுவரை மச்சாள் அந்த வீதிக்கு வரக்கூடாது என்றார்கள். ஒருவர் கேட்டாராம்: "உங்கட பிள்ளை டொக்டராகிறதுக்கு அம்மன்ர கதவை உடைக்கிறதோ?"

"அதை அம்மன் கேக்கட்டும். நீ கேக்காத" என்றாராம் மச்சாள்.

இப்போது அவர் கோயிலுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று, சல்லிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார் என்று மகள் சொன்னாள். அதற்காக நான் மச்சாளுக்கு நன்றி சொல்லவில்லை. அட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தவரும் அவர்தானே. அவரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கிடையில் உள்ளது அப்படியேதான் இருக்கிறது.

6

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மாடிப்படியில் இருந்து, தொலைபேசியைக் காதோடு அமத்திக்கொண்டு, மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.   

கேற்றில் நின்றவரின் குரல் தூரத்தில் கேட்டது. "தங்கச்சி, இன்னும் பத்து நிமிசம்தான்."

"ஓம், அண்ணை."

பிறகு ஓட்டோச் சத்தம். அந்தச் சத்தத்தை நான் நோர்வேயில் இருந்தே அறிவேன். நிசாமின் ஓட்டோவுக்கு ஒரு இருமல் உண்டு. அது இருமி நின்றது. செருப்பு இல்லாத கால் ஓடிவருகிற சத்தம். மச்சாளின் செருப்பு கோயில் வாசலிலேயே கிடந்தது என்று பிறகு அறிந்தேன்.

"இந்தா."

பிளாஸ்டிக் கவர் கைமாறுகிற சத்தம். மச்சாளுக்கு மூச்சு வாங்கியது. நான் "நிரோ, ஓடு, உள்ள ஓடு" என்று கத்தினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மச்சாள் சொன்னார்:

"இஞ்ச பார், பிள்ளை. எழுதிறதெண்டா உள்ள போ. ஏலாதெண்டா ஓட்டோவில ஏறு. வீட்ட போய்ச் சோறு தின்னுவம். கொம்மாவோட நான் கதைக்கிறன்."

"அம்மா லைனில நிக்கிறா, மாமி."

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

நான் தொலைபேசியைக் காதோடு இன்னும் அமத்தினேன்.  கீழ்மாடியில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். அங்கே ஓட்டோ நிற்பாட்டாமல் இருமிக்கொண்டிருந்தது.

நிரோஜா கவரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

"மாமி, பேனை எங்க?"

"பேனை..." மச்சாளின் குரல் உடைந்தது. "இழுக்கேக்க உருண்டு போட்டுது, பிள்ளை. பீடத்துக்குக் கீழ. தடி எட்டேல்ல."

"நல்லது. அந்தப் பேனையளால ரெண்டு தரம் எழுதிப் பாத்தாச்சு."

தொலைபேசி மச்சாளின் கைக்கு மாறியது. பிறகு நிரோஜாவின் குரல், கொஞ்சம் தள்ளி, கேற்றுப் பக்கம்:

"அண்ணை, உங்கட காதில கிடக்கிற பேனையை ஒருக்காத் தாங்கோ."